கரடியைச் சுற்றிய கூட்டம்

சங்கத்தின் சென்ற செயற்குழுக் கூட்டத்தில், வரும் குடும்ப விழாவுக்குக் கரடி வேஷக்காரரை அழைக்கலாமா, வேண்டாமா என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டார் வேண்டும் என்றார்கள். என்னைப் போன்ற கிழங்கள் வேண்டாம் என்றோம். முடிவில் இதழாசிரியர் என்னைப் பார்த்து, "சார், நீங்கள் ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தவர். இதைப் பற்றி எழுதித் தாருங்கள். படித்துவிட்டு முடிவு செய்வோம்" என்று சொல்லிவிட்டார். அதன் விளைவே இக்கட்டுரை. நான் எழுத்தாளன் அல்லன். டிப்ளமா படித்து, நடைமேடையும் நடைமேம்பாலமும் கட்டிப் பராமரித்த பொறியாளன். குறை இருந்தால் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஏன் வேண்டாம் என்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நம் விழாவில் ஒரு கரடி வந்தது நினைவிருக்கும். வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னுடையது. ஸ்டேஷனில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்தவனுக்கு நூற்றிருபது குடும்பங்கள் எந்த மூலை என்ற அலட்சியம் எனக்கு. தேநீர் இடைவேளையில் கரடி மேடைக்கு முன்னால் வந்து நின்றதுதான் தாமதம், பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார்கள். பின்னாலேயே கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி பெற்றோர்கள். ஐந்தாறு நிமிடத்தில் கரடியின் தலை மட்டுமே தெரிந்தது. "தாத்தா! தாத்தா!" என்று என் பேத்தி கூப்பிடுவது காதில் விழுகிறது, ஆளைக் காணவில்லை. நாலு பேரை விலக்கிக்கொண்டு போய்த் தூக்கியபோது மேடையின் விளிம்பில் அழுந்தி அவள் முழங்கை கன்றிப்போயிருந்தது. கரடிக்குள் இருந்த கல்லூரிப் பையனோ வேர்த்துக் கொட்டி மயங்கி உட்கார்ந்துவிட்டான். யாருக்கும் பெரிய காயமில்லை, இறைவன் அருள். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தவறு பிள்ளைகள்மேல் இல்லை; பெற்றோர்மேலும் இல்லை. கணக்குப் போடாமல் நின்ற என்மேல்தான்.

கணக்கு என்ன?

மறுநாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பிள்ளை கரடியிடம் போய், தயங்கி, கைகொடுத்து, அப்பா படம் எடுத்து, "இன்னொன்று" என்று மீண்டும் எடுத்து நகர ஒன்றரை நிமிடம் ஆகிறது. 120 குடும்பம் என்றால் 180 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம். நாம் ஒதுக்கியதோ முப்பது நிமிடத் தேநீர் இடைவேளை. அதற்குள் இருபது குடும்பங்களே கரடியைப் பார்த்திருக்க முடியும். மீதி நூறு குடும்பத்துக்கும் "நமக்குக் கிடைக்காது" என்று உள்ளூரத் தெரிந்துவிடுகிறது. கிடைக்காது என்று தெரிந்த கூட்டம் வரிசையில் நிற்காது, முந்தத்தான் பார்க்கும். இது ஒழுக்கக் குறைவு அல்ல, வெறும் வகுத்தல் கணக்கு. ரேஷன் கடையிலும் ரயில் முன்பதிவுக் கவுண்டரிலும் நாம் கண்டதுதான்.

அடுத்தது இடக் கணக்கு. மேடைக்கு முன்னால் இருந்த இடம் பன்னிரண்டடிக்குப் பத்தடி, அதாவது ஏறத்தாழ பதினோரு சதுர மீட்டர். அதில் எண்பது பேராவது நெருங்கியிருப்பார்கள். சதுர மீட்டருக்கு ஏழு பேர் ஆகிறது. கூட்டத்தைப் பற்றி ஆராய்ந்த அறிஞர்கள், நெருக்கம் நான்கைந்து பேரைத் தாண்டும்போதே எச்சரிக்கை வேண்டும் என்கிறார்கள். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் அது தனித்தனி மனிதர்களாக இருப்பதில்லை, தண்ணீர் போல ஆகிவிடுகிறது. பின்னால் ஒருவர் அசைந்தால் அந்த அலை முன்னால் இருப்பவரை வந்து அறைகிறது. பின்னால் தள்ளுபவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் இருப்பவர் கத்துவது பின்னால் கேட்காது. இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. கூட்ட நெரிசலில் மிதிபட்டுத்தான் இறக்கிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் மார்பு அழுந்தி மூச்சை உள்ளே இழுக்க முடியாமல், நின்ற நிலையிலேயே உயிர் போகிறது. பிள்ளைகளின் மூக்கு பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் இருப்பதால் ஆபத்து அவர்களுக்கே முதலில்.

நம் ஊர்ப் பாப்பாஞ்சி

வைப்பினில் இருக்கும் நமக்கு இதற்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டாம். அக்கரையில் ஃபோர்ட் கொச்சியில் ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் நடக்கும் கொச்சின் கார்னிவல் இருக்கிறது. 1980களின் நடுவில் இன்றைய வடிவில் தொடங்கிய இந்த விழாவின் நாயகன் பாப்பாஞ்சி. கோட்டும் தொப்பியும் வெண்தாடியுமாக, கழிந்து போகும் வருடத்தின் கிழவர். டிசம்பர் 31 நள்ளிரவு சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவருக்குத் தீ வைப்பார்கள். ஜனவரி முதல் தேதி வேஷக்காரர்களின் ஊர்வலம் வரும்.

2022 டிசம்பர் 31 இரவு பரேடு மைதானத்தில் கூடிய கூட்டத்தை அங்கே போனவர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா காலத்துக்குப் பின் வந்த பெருங்கூட்டம். மூச்சு முட்டி மயங்கி விழுந்தவர்கள் பலர். பெரும் விபத்து மயிரிழையில் தவறியது. அதன்பிறகுதான் மைதானத்தைத் தடுப்புகளால் பிரிப்பது, மாலைக்குப் பின் வாகனங்களை உள்ளே விடாமல் நிறுத்துவது போன்ற கட்டுப்பாடுகள் கடுமையாயின. 2024இல் முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் மறைவையொட்டிய துக்கத்தால் பரேடு மைதான நிகழ்ச்சி ரத்தானது. வெளி மைதானத்துப் பாப்பாஞ்சிக்கு மட்டும் உயர்நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. வெளி என்றால் நம்மவர்களுக்குத் தெரியும்; நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் டோபிகானா இருக்கும் அதே வெளிதான்.

பொறியாளன் கண்ணோடு பார்த்தால் பாப்பாஞ்சியைப் போலக் கடினமான விருந்தாளி வேறு இல்லை. அவர் ஒருவர், நிற்பது ஓர் இடம், எல்லோரும் பார்க்க வேண்டியது ஒரே நிமிடம். இன்னொன்றும் உண்டு. வரும்போது மக்கள் மாலை நான்கு மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். போகும்போதோ பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு எல்லோரும் ஒன்றாகத் திரும்புகிறார்கள். வாட்டர் மெட்ரோப் படகு ஒன்றில் நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பேர் இக்கரைக்கு வர வேண்டுமானால் நூறு நடை. ஆகவே கூட்டத் திட்டம் போடுபவர் முதலில் கேட்க வேண்டியது "எப்படி வருவார்கள்?" என்பதல்ல, "எப்படிப் போவார்கள்?" என்பதே. ரயில்வேயில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமும் இதுதான். ஒரு மீட்டர் அகலமுள்ள சமதள வழியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ எண்பது பேர் போகலாம். படிக்கட்டாக இருந்தால் ஏறத்தாழ அறுபத்தைந்து பேர்தான். அதற்குமேல் எவ்வளவு தள்ளினாலும் போகமாட்டார்கள், விழத்தான் செய்வார்கள்.

படிக்கட்டு என்றதும் இரண்டு துயரங்கள் நினைவுக்கு வருகின்றன. 2023 நவம்பர் 25 அன்று களமச்சேரி குசாட் வளாகத்தில், திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி நடக்கவிருந்தது. வாசலிலிருந்து கீழே இறங்கும் செங்குத்தான படிகள். மழை தூறியதும் வெளியே நின்றவர்கள் ஒதுங்க இடம் தேடி உள்ளே நெருக்க, முன்னால் நின்றவர்கள் படியில் உருண்டார்கள். நான்கு இளம் உயிர்கள் போயின. 2025 பிப்ரவரி 15 அன்று புதுதில்லி ஸ்டேஷனில், கும்பமேளா கூட்டத்தில், நடைமேம்பாலப் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். படியின் தலைப்பில் கூட்டத்தை நிற்கவிடக் கூடாது என்பது என் தொழிலின் பாலபாடம். நானே அன்று கரடியை மேடைப் படிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன் என்பதை நினைக்கும்போது இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

சியோல் நகரின் இதேவோன் பகுதியில் 2022 அக்டோபர் 29 இரவு, வேஷம் அணிந்து கொண்டாடும் ஹாலோவீன் திருநாளில் 159 பேர் இறந்ததும் சுமார் நான்கு மீட்டர் அகலச் சரிவான சந்து ஒன்றில்தான். அங்கே யாரும் யாரையும் பார்க்க முண்டியடிக்கவில்லை. இரு பக்கமிருந்தும் வந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவே. போகிறவரும் வருகிறவரும் ஒரே வழியில் எதிரெதிராக வரக்கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே, விரும்பிய முகத்தை அருகில் பார்க்கக் காத்திருந்த கூட்டத்தில் 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 உயிர்கள் போயின. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மனம் வரவில்லை.

மூன்று வழிகள்

சரி, ஆசையாகப் பார்க்க வருகிற கூட்டத்தை என்னதான் செய்வது? யோசித்துப் பார்த்ததில் உலகில் மூன்று வழிகள்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதல் வழி பாப்பாஞ்சி வழி. பார்க்கப்படுபவர் ஓரிடத்தில், ஒரே நேரத்தில். இது மிகக் கடினம் என்று மேலே பார்த்தோம்.

இரண்டாவது வழி தேர் வழி. பார்க்கப்படுபவர் நகர்கிறார், பார்ப்பவர்கள் நிற்கிறார்கள். நம் முன்னோர் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். மூலவர் கர்ப்பகிரகத்தில் இருப்பார். எல்லோரும் உள்ளே வர இடமில்லையே என்று உற்சவர் நான்கு வீதியும் வருவார். அரைமைல் நீள வீதியில் மக்கள் பரவி அவரவர் வாசலில் நின்று சேவிப்பார்கள். கார்னிவல் ஊர்வலமும் வெளி மைதானத்திலிருந்து இப்படித்தான் வருகிறது. டிஸ்னி பூங்காக்கள் 2020இல் கொரோனாவுக்குப் பின் திறந்தபோது கட்டிப்பிடிப்பதை நிறுத்திவிட்டு, பாத்திரங்களைச் சிறு சிறு ஊர்வலங்களாக விட்டன. நேரத்தையும் முன்கூட்டி அறிவிக்கவில்லை. அறிவிப்பு இல்லாததால் கூட்டம் முன்கூட்டிச் சேரவில்லை. அமெரிக்கப் பூங்காக்களில் 2022 ஏப்ரலில்தான் மீண்டும் அருகில் நின்று கட்டிப்பிடிக்க அனுமதித்தார்கள்.

மூன்றாவது வழி வரிசை வழி. பார்க்கப்படுபவர் நீண்ட நேரம் ஓரிடத்தில் இருக்கிறார், பார்ப்பவர்கள் முறை வைத்து வருகிறார்கள். சென்னைக் கடற்கரைச் சாலை வி.ஜி.பி.யின் சிலை மனிதரை நம்மில் பலர் பார்த்திருப்போம். அரண்மனைக் காவலர் உடுப்பில் இமைகூட அசையாமல் மணிக்கணக்கில் நிற்பார். அவரைச் சிரிக்க வைக்க நாமும் பல்லைக் காட்டி, குரங்குச் சேஷ்டை செய்து தோற்றுத் திரும்பியிருக்கிறோம். அவரைச் சுற்றி நெரிசல் வராததற்குக் காரணம் உண்டு. அவர் எப்போதும் அங்கேயே இருப்பார், போகும்போதும் பார்க்கலாம், வரும்போதும் பார்க்கலாம். "இப்போது விட்டால் கிடைக்காது" என்ற பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் முண்டியடிப்பும் இல்லை.

கலிபோர்னியாவில் 1955இல் டிஸ்னிலாந்து திறந்த காலத்தில் மிக்கி முதலானோர் தாராளமாகச் சுற்றித் திரிவார்களாம். கண்ட இடத்தில் பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள். இன்றோ பெரும்பாலும் குறித்த இடம், குறித்த நேரம், வளைந்து வளைந்து போகும் வரிசை. வேஷக்காரர் அருகே எப்போதும் ஒரு துணையாள் நிற்பார். இந்தத் துணையாள்தான் முழு ஏற்பாட்டின் அச்சாணி. முகமூடிக்குள் இருப்பவருக்குப் பேச அனுமதி இல்லை, காலடியில் நிற்கும் குழந்தை கண்ணில் படாது, உள்ளே அனலாகக் கொதிக்கும். அவருக்குக் கண்ணும் வாயும் துணையாளே. நேரம் முடிவதற்கு வெகு முன்னரே வரிசையின் கடைசி ஆளைக் குறித்துக்கொண்டு, "இதற்குப் பின் நிற்க வேண்டாம், மிக்கி ஓய்வெடுத்துவிட்டு வருவார்" என்று சிரித்த முகத்தோடு சொல்லி வரிசையை மூடுவதும் அவரே. இரண்டு மணி நேரம் நின்றவனைக் கதவடைத்து அனுப்பினால் சண்டை வரும். நிற்கும் முன்பே சொன்னால் வராது. கவுண்டரை மூடும் முன் கடைசி ஆளிடம் சொல்லிவிடு என்று எங்கள் பழைய ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் சொல்வார். இரண்டும் ஒன்றே.

டோக்கன் கொடுத்தால் போதுமே என்று சிலர் நினைக்கலாம். டோக்கன் நல்லதுதான், ஆனால் அதைக் கொடுக்கிற இடமே இன்னொரு கூட்டமாகிவிடக் கூடாது. 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசனத்துக்கான டோக்கன் வாங்க நின்ற கூட்டத்தில்தான் ஆறு பேர் இறந்தார்கள்.

நம் விழாவுக்கு என்ன செய்யலாம்?

இவற்றை வைத்து நம் விழாவுக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். செயற்குழு பார்த்துத் திருத்தட்டும்.

கரடியை மேடையருகே நிறுத்த வேண்டாம். மண்டபத்தின் பக்கத்து அறைகள் இரண்டில், ஆளுக்கொரு கரடியாக இரண்டு பேரை வைப்போம். இரண்டு கரடி இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வோர் அறைக்கும் உள்ளே போக ஒரு கதவு, வெளியே வர வேறொரு கதவு. படத்தை நம் ஆள் ஒருவரே எடுத்து அனுப்புவார், பெற்றோர் கைபேசியைத் தேட வேண்டாம். இப்படிச் செய்தால் ஒரு குடும்பத்துக்கு முக்கால் நிமிடம் போதும். நூற்றிருபது குடும்பத்துக்குத் தொண்ணூறு நிமிடம், இரண்டு கரடிக்குப் பகிர்ந்தால் நாற்பத்தைந்து. மூன்று மணி நேரம் முக்கால் மணியாகிவிட்டது பாருங்கள்!

டோக்கனை விழா அழைப்பிதழோடு வீட்டுக்கே அனுப்பிவிடலாம். மூன்று நிறம், நிறத்துக்கு நாற்பது குடும்பம். ஒரு நிறத்துக்குப் பதினைந்து நிமிடம். மஞ்சளை அழைக்கும்போது பச்சையும் சிவப்பும் கலைநிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒவ்வொரு நிறம் முடிந்ததும் கரடிகளுக்குப் பத்து நிமிட ஓய்வு, தலையைக் கழற்றி மோர் குடிக்கட்டும். நம் ஊர்ப் புழுக்கம் தெரிந்ததே. ஒவ்வொரு கரடிக்கும் ஒரு துணையாள். விடுபட்டவர்கள் யாரும் ஏங்க வேண்டாம், கடைசியில் இரண்டில் ஒரு கரடி மண்டபத்தின் நடுவழியே தேர் போல ஒரு சுற்று வரும். எல்லோரும் இருக்கையிலேயே அமர்ந்து பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எந்தக் கூட்டத்திலும் உங்கள் இரு கைகளையும் முகத்துக்கு நேராகக் கொண்டுவர முடியவில்லை என்றால் அதுவே வெளியேறும் நேரம். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, முன்னாலோ பின்னாலோ முட்டாமல், பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வாருங்கள். மாட்டிக்கொண்டால் கைகளை மார்புக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். படம் கிடைக்காவிட்டால் போகட்டும்.

கடைசியாக ஒன்று. கொச்சியில் பெரிய பாப்பாஞ்சி மட்டும் எரிவதில்லை. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, நம் வைப்பின் என்று சந்துக்குச் சந்து பையன்கள் காசு வசூலித்து, வைக்கோலும் பழந்துணியும் திணித்துத் தங்களுக்கென்று ஒரு சின்னக் கிழவரைச் செய்து வைப்பார்கள். எங்கள் தெருவில் சென்ற முறை எரித்தபோது நாற்பது பேர்தான் இருந்தோம். எல்லோருக்கும் முகம் தெரிந்தது, எல்லோரும் நடந்தே வீட்டுக்குப் போனோம். கூட்டத்தைப் பிரிக்க இதைவிட நல்ல வழியை எந்தப் பொறியியல் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இந்தத் திட்டத்தை என் பேத்தியிடம் காட்டினேன். இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். முழுவதும் படித்துவிட்டு, "தாத்தா, கரடியோட துணையாள் நான்தான்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே செயற்குழுவில் என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன். கரடி வரட்டும்.